போர்ட்டைக் கழட்டுங்கோ தங்கச்சி

கேள்வி: வணக்கம். நான் வன்னியில ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராமத்தில இருக்கிறன், வயசு 26, முன்பள்ளி ரீச்சர். ஒண்டரை வருசத்துக்கு முதல் நாங்கள் 14 பேர் சேந்து ஒரு தொண்டர் குழு துடங்கினனாங்கள். மாசத்தில கடைசி ஞாயிறு குளக்கட்டையும் கோயில் வீதியையும் கூட்டி அள்ளுறம். அடுத்த கிழமை போய்ப் பாத்தா பழையபடி கிடக்கு. "இங்கே குப்பை போடாதீர்கள்" எண்டு போர்ட் வைச்சம், அதுக்குக் கீழயே கொண்டுவந்து கொட்டுதுகள். வீடு வீடாப் போய் நோட்டீஸ் குடுத்தா "உங்களுக்கு எந்த என்ஜிஓ காசு தருது" எண்டு கேக்கினம். என்ரை பெரியப்பாவே பின்னேரத்தில பொலித்தீன் கொளுத்துறார், சொன்னா கோவிக்கிறார். இப்ப வாறது 5 பேர். வைகாசியில அம்மன் கோயில் பொங்கல், போன வருசம் தாகசாந்திப் பந்தலடியில பிளாஸ்ரிக் கப் மலை மாதிரிக் குவிஞ்சு கிடந்தது. பொலிஸில சொல்லி தண்டம் அடிக்கப் பண்ணுறதோ, இல்லாட்டி எல்லாத்தையும் விட்டிட்டு என்ரை வேலையைப் பாக்கிறதோ? சனத்துக்கு எப்பிடி விழிப்புணர்வு வரப்பண்ணுறது?

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். முதல் தரம் கவலையா இருந்தது, ரெண்டாந்தரம் சிரிப்பும் வந்தது. கோவியாதேங்கோ, உங்களைப் பாத்துச் சிரிக்கேல்லை, 2012இல நிண்ட என்னைப் பாத்துத்தான் சிரிச்சனான். அப்ப நான் ஒரு நிறுவனத்தில சமூக அணிதிரட்டலுக்கு நிண்டனான், சண்டை முடிஞ்சு சனம் முகாமால வந்து தறப்பாளுக்குக் கீழ இருந்து வீடு கட்டுற காலம், நாங்கள் போய் "பொலித்தீன் இல்லாத கிராமம்" எண்டு ஒரு நிகழ்ச்சி வைச்சம். பெரிய பனர், அது பிளெக்ஸ், அதே பிளாஸ்ரிக். வந்த சனத்துக்கு பணிஸ் பொலித்தீன் பையில, ரீ பிளாஸ்ரிக் கப்பில. கொழும்பில இருந்து ஒரு ஐயா வந்து ஒரு மணித்தியாலம் பேசினார். கூட்டம் முடிய கிடந்ததை நானும் ட்ரைவரும் பொறுக்கிக்கொண்டு நிக்க, வேலியோட நிண்ட ஒரு அம்மம்மா கேட்டா, "தம்பி, இதைத்தானோ வேண்டாம் எண்டு சொல்ல வந்தனீங்கள்?" எண்டு. அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை, சொல்ல ஒண்டும் இல்லை.

அதுக்குப் பிறகு கன ஊரில கன வருசம் இதே வேலைதான். அதால நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியில இருந்தே துடங்கிறன், ஏன் எண்டால் பிழை அங்கதான் இருக்கு எண்டு நான் நினைக்கிறன். சனத்துக்கு விழிப்புணர்வு வரப்பண்ணத் தேவையில்லை. அது கிடக்கு, தேவைக்கு மேலயே கிடக்கு.

வன்னிச் சனத்துக்குச் சிக்கனமும் மீள்பாவனையும் படிப்பிக்க வெளிக்கிடுறதே ஒரு பகிடி. தொண்ணூறுகளில பொருளாதாரத்தடை நேரம் மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டுத்தான் எங்கட வயசுக்காரர் படிச்சது. பனங்காயைப் பிழிஞ்சு உடுப்புத் தோய்ச்சது, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டது. ஒரு சொப்பின் பை கிடைச்சா கழுவிக் காயப்போட்டு மடிச்சு வைக்கிற காலம் அது. இதெல்லாம் உங்கட அம்மாவைக் கேட்டா நான் சொல்லுறதை விட வடிவாச் சொல்லுவா. அந்தச் சனம்தான் இப்ப குளக்கட்டில பை கொட்டுது. அறிவு குறைஞ்சு போச்சோ? இல்லை. அப்ப சாமான் இல்லை, குப்பையும் இல்லை. இப்ப யோகட், பம்பஸ், லஞ்ச் சீட், பியர் ரின், ஷம்பு பக்கற் எல்லாம் ஒட்டுசுட்டான் சந்தி தாண்டி உள்ளுக்கும் வந்திட்டுது, ஆனா அதை ஏத்திக்கொண்டு போற ட்ராக்டர் அவ்வளவு தூரம் வரேல்லை. சாமான் வாற பாதை இருக்கு, போற பாதை இல்லை. அதுக்கு நடுவில நிண்டுகொண்டு நாங்கள் நோட்டீஸ் குடுக்கிறம்.

ஆனபடியா முதல் வேலை, அந்த மாசாந்தக் கூட்டலை ஒரு ரெண்டு மாசத்துக்கு நிப்பாட்டுங்கோ. ஓம், நிப்பாட்டத்தான் சொல்லுறன். ஒண்டரை வருசமா நீங்கள் ஊருக்குப் படிப்பிச்ச பாடம் என்னெண்டு தெரியுமோ? கடைசி ஞாயிறு பிள்ளையள் வந்து அள்ளுவினம் எண்டதுதான். ஒருத்தரும் கெட்ட மனசோட அப்பிடி நினைக்கேல்லை, ஆனா கை தன்ர பாட்டில பழகிப்போம். பேந்து, அந்தப் போர்ட்டையும் கழட்டுங்கோ. அதைக் கழட்டச் சொல்லுறதுக்கு ஒரு காரணம் இருக்கு, கொஞ்சம் தூரத்துக் கதை, கேளுங்கோ.

அமெரிக்காவில அரிசோனா மாநிலத்தில ஒரு தேசிய பூங்கா, காலங்காலமாக் கிடந்து கல்லாப்போன மரத்துண்டுகள் அங்க நிலமெல்லாம் கிடக்கு. பாக்க வாற ஆக்கள் ஆளுக்கொரு துண்டைப் பொக்கற்றுக்குள்ள போட்டுக்கொண்டு போயிடுவினம். றொபேட் சியால்டினி எண்ட உளவியலாளரும் அவரோட ஆக்களும் அங்க ஒரு சோதினை செய்தவை. பாதையில அடையாளம் போட்ட துண்டுகளை வைச்சு, ஒரு நேரம் "இங்க வந்த கனபேர் மரத்துண்டு எடுத்துக்கொண்டு போய் காட்டின்ர நிலைமையை மாத்திப்போட்டினம்" எண்டு கவலையா எழுதின போர்ட் வைச்சினம். இன்னொரு நேரம் "தயவுசெய்து எடுக்காதேங்கோ" எண்டு மட்டும் எழுதின போர்ட். கவலைப் போர்ட் வைச்ச நேரம் நூற்றுக்கு 8 துண்டு அளவில களவு போச்சு, சும்மா எடுக்காதேங்கோ எண்ட நேரம் 2 கூடப் போகேல்லை. கனபேர் செய்யினம் எண்டு சொன்னவுடன, அட, எல்லாரும் செய்யிறதுதானே எண்டு மனம் லேசாப்போகுது.

நீங்கள் கேப்பியள், எங்கட போர்ட் போடாதீர்கள் எண்டுதானே சொல்லுது, அது நல்ல போர்ட்தானே எண்டு. எழுத்து நல்லதுதான். ஆனா கீழ கிடக்கிற குப்பை எழுத்தை விடச் சத்தமாக் கதைக்கும். போர்ட்டும் குப்பையும் ஒண்டாச் சேந்து சொல்லுறது என்னெண்டால், ஊர் கொட்டுற இடம் இதுதான், சொன்னாலும் ஒருத்தரும் கேக்கிறேல்லை, நீயும் கொட்டு. இரவில மோட்டச்சைக்கிளில பையோட வாற ஆளுக்கு இடம் தேடவே தேவையில்லை, நீங்களே அடையாளம் நட்டு வைச்சிருக்கிறியள். (வன்னியில எல்லாரும் சொல்லுக்கேட்ட ஒரேயொரு போர்ட், சிவப்பில மண்டையோடு கீறின மிதிவெடிப் போர்ட்தான். அதுவும் போர்ட்டால மட்டும் இல்லை, எங்கட ஊர்ப் பெடி பெட்டையளே வீடு வீடாப் போய், பள்ளிக்கூடத்தில நாடகம் போட்டு, உந்தப் பத்தைக்குள்ள விறகுக்குப் போகாதை எண்டு இடத்தைக் காட்டிச் சொன்னவை. இடம் காட்டிச் சொன்னதை நினைவில வைச்சிருங்கோ.)

சரி, கூட்டாம என்ன செய்யிறது? எண்ணுங்கோ. கையுறை போட்டுக்கொண்டு, நாலு யூரியா பாக் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு நாள் அஞ்சு பேரும் போய் குளக்கட்டில கிடக்கிறதை வகை வகையாப் பிரிச்சு எண்ணி எழுதுங்கோ. இது ஒரு விசர் வேலை மாதிரித் தெரியும், ஆனா நான் போன ஒவ்வொரு ஊரிலயும் கண்ணைத் திறந்தது இதுதான். குப்பை எண்டு ஒண்டு இல்லை தங்கச்சி, கட்டின பையுக்குள்ள பம்பஸ் கிடந்தா அது கைக்குழந்தை இருக்கிற நாலைஞ்சு வீடு. பியர் ரின்னும் பைற் பக்கற்றும் கிடந்தா அது பின்னேரம் குளக்கட்டில இருக்கிற பெடியள். பூச்சிமருந்துப் போத்தல் துருசடியில, குளத்துத் தண்ணி திறக்கிற இடத்தில, கிடந்தா அது வயல்காரர். லஞ்ச் சீட் கும்பலாக் கிடந்தா அது வெளியில இருந்து குளம் பாக்க வந்த வான் ஆக்கள். ஒரே நோட்டீஸை இந்த நாலு பேருக்கும் குடுத்தா நாலு பேரும் மற்ற மூண்டு பேருக்கும் சொன்னது எண்டு நினைச்சு மடிச்சு வைப்பினம்.

பம்பஸ் விசயத்தை எடுப்பம், கஸ்ரமானது அதுதான். ஒரு இளந்தாய் பகல் முழுக்கப் பிள்ளையோட மாரடிச்சு, வளவுக்குள்ள கிடங்கு வெட்டித் தாட்டா நாய் கிண்டி முத்தத்துக்கு இழுத்து வருது, கொளுத்தினா எரியுதில்லை, மணக்குது, மாமி பேசுறா. மனிசன் இரவில கொண்டுபோய்க் குளக்கட்டில எறியிறான். இந்த மனிசனுக்குச் சூழல் பாதுகாப்புப் பற்றி என்னத்தைச் சொல்லுவியள்? அவனுக்குத் தேவை ஒரு இடம். பிரதேச சபை ட்ராக்டர் மெயின் றோட்டுக்கு எந்த நாள் வருது எண்டு கேட்டு, அந்த நாளில உங்கட லேன் முகப்புக்குப் பையைக் கொண்டுவந்து வைக்க ஏலுமோ எண்டு பாருங்கோ. அது சரிவரேல்லை எண்டால் கிணத்து வளையம் ஒண்டை இறக்கி மூடி போட்ட கிடங்கு, கிணத்தில இருந்து நல்ல எட்டத்தில, பிஎச்ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கூட்டிக்கொண்டுபோய் இடத்தைக் காட்டிச் செய்யலாம். அது ஒரு முழுத் தீர்வு எண்டு நான் சொல்லேல்லை. ஆனா குளத்துத் தண்ணிக்குள்ள கிடக்கிறதை விட எவ்வளவோ மேல். துணி நாப்கினுக்கு மாறுங்கோ எண்டு அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுற வேலையை மட்டும் செய்யாதேங்கோ, நீங்கள் கலியாணம் கட்டாத ஆளெண்டா இன்னும் செய்யாதேங்கோ.

குளக்கட்டில இருக்கிற பெடியளை எதிரியாக்காதேங்கோ. அலுமினிய ரின்னுக்குப் பழைய இரும்பு எடுக்கிறவர் காசு குடுப்பார், அவை இருக்கிற இடத்தில ஒரு பாக்கைக் கொழுவிவிட்டு "இந்த ரின் காசு விளையாட்டுக் கழகத்துக்கு" எண்டு கழகத்துப் பெடியன் ஒருத்தனைக் கொண்டு சொல்லுவியுங்கோ, நீங்கள் சொல்லாதேங்கோ. ரின் பாக்குக்குள்ள விழுந்தா பக்கற்றும் கூடவே விழத் துடங்கும்.

வயல்காரருக்கு எங்களிட்டை ஒரு அருமையான மேடை இருக்கு, அதை ஒருத்தரும் பாவிக்கிறேல்லை எண்டதுதான் எனக்கு விளங்காத விசயம். காலபோகத்துக்கு (மாரி நெற்செய்கைக்கு) முதல் கமக்காரர் அமைப்புப் பயிர்ச்செய்கைக் கூட்டம் வைக்கும்தானே. எப்ப தண்ணி திறக்கிறது, எந்தத் திகதிக்கு முதல் மாட்டை அப்புறப்படுத்துறது, வேலி எப்ப அடைக்கிறது எல்லாம் அங்க கை உயர்த்தித்தான் தீரும். பேந்து அந்தத் திகதியை மீறி ஒருத்தன் மாட்டை விட்டா ஊரே அவனைக் கேக்கும், பொலிஸ் தேவையில்லை. ஏன்? எல்லாருக்கும் முன்னால அவனும் கை உயர்த்தினவன். அந்தக் கூட்டத்தில, மருந்துப் போத்தலை மூண்டு தரம் அலசி அந்தத் தண்ணியையும் ராங்குக்குள்ளயே விட்டு, போத்தலில ஓட்டை போட்டு, துருசடியில எறியாம அமைப்பின்ர கொட்டிலில ஒரு பாக்குக்குள்ள போடுறது எண்டு ஒரு தீர்மானம் வரப்பண்ணுங்கோ. நீங்கள் போய்ப் பேசாதேங்கோ. ஆர் பேசினா மற்றவை கேப்பினமோ, அவரிட்டை முதல் நாள் வீட்டை போய் ரீ குடிச்சுக்கொண்டு கதையுங்கோ. அவர் அதைத் தன்ர யோசினையா எழும்பிச் சொன்னா உங்களுக்கு என்ன நட்டம்.

இப்ப அந்த என்ஜிஓ கதை. அது உங்களுக்கு நோகுது எண்டு கடிதத்தில தெரியுது. நோகாதேங்கோ, சனத்தில பிழை இல்லை. மீள்குடியேறின காலத்தில வாய்க்கால் துப்பரவாக்க, றோட்டுப் போட, பத்தை வெட்ட, எல்லாத்துக்கும் வேலைக்குக் காசு திட்டம் வந்தது. அது அந்த நேரம் சனத்தைக் காப்பாத்தினது, அதை நான் குறை சொல்லமாட்டன். ஆனா ஒரு பொது இடத்தை நாலு பேர் ஒரே நிற ரீசேட்டோட துப்பரவாக்கினா அதுக்குப் பின்னால ஒரு காசு இருக்கு எண்டு கண் பழகிப்போச்சு. கையெழுத்து வைச்சு பணிஸ் வாங்கி, படம் எடுத்துக்கொண்டு போன நிறுவனங்கள் கொஞ்சமோ. ஆகவே ரீசேட் இருந்தா அதைப் பெட்டிக்குள்ள வையுங்கோ. பேஸ்புக்கில படம் போடுறதையும் கொஞ்சநாள் விடுங்கோ, அதிலும் ஆற்றையேனும் வீட்டு வாசல் குப்பையைப் படம் எடுத்துப் போட்டா அந்த வீடு உங்களுக்குச் சாகும்வரைக்கும் பகை. சனசமூக நிலையச் சுவரில ஒரு தாள் ஒட்டி, எங்களுக்கு வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு எண்டு கையால எழுதுங்கோ. வந்தது பூச்சியம் எண்டால் பூச்சியம் எண்டே எழுதுங்கோ. ரெண்டு மாசத்தில அந்தக் கேள்வி தானா அடங்கும்.

உங்களுக்கு இன்னும் வரேல்லை, ஆனா வரும், சுவிஸில இருந்தோ கனடாவில இருந்தோ ஊர்க்காரர் ஒருத்தர் போன் எடுத்து, நான் இருபது குப்பைத்தொட்டி வாங்கித்தாறன், அப்பாவின்ர பேரை அடிச்சு வையுங்கோ எண்டு கேப்பார். நல்ல மனசுதான். ஆனா எடுத்துக்கொண்டு போக ட்ராக்டர் இல்லாத இடத்தில தொட்டி வைச்சா ஒரு கிழமையில நிரம்பும், ரெண்டாங்கிழமை நாயும் குரங்கும் புரட்டும். அம்பாறையில பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில யானையள் பொலித்தீன் தின்று செத்த கதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பியள், எங்கட காட்டிலயும் யானைக்குக் குறைவில்லை. அவரிட்டைத் தொட்டி வேண்டாம் எண்டு பக்குவமாச் சொல்லி, எவர்சில்வர் ரம்ளர் கேளுங்கோ. ஏன் எண்டு பிறகு சொல்லுறன்.

தண்டம் அடிக்கிற கதைக்கு வாறன். சட்டம் எங்களிட்டை இருக்கு, கொஞ்சம் அல்ல. 2017 செப்டெம்பர் 1இல இருந்து லஞ்ச் சீட், றெஜிபோம் பெட்டி, 20 மைக்ரோனுக்கு உட்பட்ட பொலித்தீன் எல்லாம் தடை, குப்பையோட பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில கொளுத்துறதும் தடை, கோயில் திருவிழாவுக்குப் பொலித்தீனில சோடினை செய்யிறதும் தடை. 2021இல 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சஷே பக்கற், சாப்பாட்டுச் சாமானும் மருந்தும் நீங்கலா, தடை. 2023 ஒக்ரோபர் 1இல ஸ்ரோ, பிளாஸ்ரிக் கப், தட்டு, கரண்டி, பிளாஸ்ரிக் மாலை, இடியப்பத் தட்டு. உங்கட தாகசாந்திக் கப் அதுக்குள்ள வருது. இவ்வளவும் இருந்தும் கடையில இப்பவும் லஞ்ச் சீட்டிலதான் சோத்துப்பார்சல் கட்டித் தாறாங்கள், அது உங்களுக்கும் தெரியும்.

ஊருக்குள்ள தண்டம் எண்டது இன்னொரு பிரச்சினையும் தரும். நீங்கள் முன்பள்ளி ரீச்சர், இந்தக் கதை உங்களுக்கு நல்லா விளங்கும். இஸ்ரேலில ஹைஃபா நகரத்தில 10 பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில பெற்றார் பிந்திப் பிந்தி வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறதுக்குச் சிலதில தண்டம் போட்டுப் பாத்தினம், 2000ஆம் ஆண்டு அந்த ஆய்வு வெளிவந்தது. தண்டம் போட்ட இடத்தில பிந்தி வாறது குறையேல்லை, கூடினது, ஏறக்குறைய ரெட்டிப்பாச்சு. பிறகு தண்டத்தை எடுத்தும் பழைய நிலைக்குத் திரும்பேல்லை. முந்தி பிந்தி வந்தா ரீச்சரின்ர முகத்தைப் பாக்க வெக்கமா இருந்தது, இப்ப காசு கட்டியாச்சுத்தானே. உங்கட ஊரில ஒருத்தனுக்கு ஆயிரம் ரூபா தண்டம் அடிச்சா அவன் வெக்கத்தை ஆயிரம் ரூபாவுக்கு வித்துப்போட்டான் எண்டு வையுங்கோ, அதோட அவன்ர சொந்தக்காரர் முழுப்பேரும் உங்களோட கதையாம விடுவினம்.

காசு ஒரு இடத்திலயும் வேலை செய்யாது எண்டும் சொல்லேல்லை. அயர்லாந்தில 2002இல கடையில சொப்பின் பைக்கு 15 யூரோ சதம் வரி போட்டாங்கள், பாவனை நூற்றுக்கு 90க்கு மேல விழுந்தது. அதில விசயம் சதம் இல்லை, முதலாளி "பை வேணுமோ" எண்டு வாயைத் திறந்து கேக்கிறதும், நீங்கள் "ஓம்" எண்டு வாயைத் திறந்து சொல்லவேண்டி வாறதும்தான். எங்கட நாட்டிலயும் 2025 நவம்பர் 1இல இருந்து கடைக்காரர் பையைச் சும்மா குடுக்கேலாது, விலை எடுத்துப் பில்லில காட்டவேணும் எண்டு வந்திட்டுது. உங்கட ஊர்ச் சங்கக்கடையும் ரெண்டு பெட்டிக்கடையும் இதைச் செய்யுதோ எண்டு போய்ப் பாத்து, செய்யேல்லை எண்டால் முறைப்பாடு குடுக்காம, முதலாளியிட்டை "அண்ணை, பையை மேசைக்குக் கீழ வைச்சுக்கொண்டு கேட்டா மட்டும் குடுங்கோவன், உங்களுக்கும் பைக்காசு மிச்சம்" எண்டு சொல்லிப்பாருங்கோ. மேசைக்கு மேல இருந்து கீழ போனாலே பாதி குறையும், நான் கண்டனான்.

பெரியப்பா. அவரிட்டைச் சட்டம் கதைக்காதேங்கோ, நுரையீரல் கதைக்காதேங்கோ. அவர் பிறந்த காலம் தொட்டு வளவு கூட்டி மூலையில குவிச்சுக் கொளுத்தின மனிசன், அந்தப் புகைக்கு நுளம்பு போகும், பாம்பு வராது, மாட்டுக்கும் ஆறுதல், அப்பிடித்தான் அவருக்குத் தெரியும். அந்த நாளையில குவியலுக்குள்ள கிடந்தது மாவிலையும் பனையோலையும்தான், இப்ப அதே குவியலுக்குள்ள பையும் பிவிசி வயரும் செருப்பும் விழுது, கை மட்டும் பழைய கை. கொளுத்தாதேங்கோ எண்டு சொல்லாம, "பெரியப்பா, பையை மட்டும் எனக்குத் தாங்கோ, எங்கட குழுவுக்குச் சேக்கிறன்" எண்டு ஒரு யூரியா பாக்கை அவற்றை குசினிக் கதவில கொழுவிவிட்டு வாங்கோ. கிழமைக்கு ஒருக்கா நீங்கள் போய் எடுக்கவேணும், அதைத் தவறவிட்டா எல்லாம் போச்சு. இலைகுழையைத் தென்னைக்குக் கிடங்கு வெட்டித் தாட்டு விடுறது எப்பிடி எண்டு அவரிட்டையே புத்தி கேளுங்கோ, அவருக்கு அது உங்களை விட நல்லாத் தெரியும்.

மாடு வைச்சிருக்கிறாரோ அவர்? இருந்தா இதையும் சொல்லுங்கோ. நான் நிண்ட ஒரு ஊரில ஒரு அம்மாவின்ர பால்மாடு வயிறு ஊதிச் செத்துப்போச்சு. மிருக வைத்தியர் வந்து வெட்டிப் பாத்தா வயித்துக்குள்ள சொப்பின் பையும் கயிறுமா ஒரு பந்து, ஃபுட்போல் அளவு இருக்கும். அந்த அம்மா அழுதுகொண்டு நிண்டவ, பேந்து என்ன நினைச்சாவோ, அதைக் கழுவி ஒரு தடியில கட்டிக்கொண்டுபோய் பால் குடுக்கிற இடத்தில தொங்கவிட்டிட்டா. விடிய விடியப் பால் கொண்டுவாற அவ்வளவு பேரும் அதைப் பாத்தினம். ஒருத்தரும் பேச்சுப் பேசேல்லை, நோட்டீஸ் இல்லை. அந்த மாசம் வேலியில பை தொங்கிறது குறைஞ்சதை நான் என்ரை கண்ணால கண்டன். நான் எழுதின போஸ்டருகள் அவ்வளவும் சேத்தாலும் அந்தப் பந்துக்குக் கிட்டவும் வராது.

கோயில் பொங்கல்தான் உங்களுக்கு இப்ப கிடைச்சிருக்கிற நல்ல சந்தர்ப்பம், மற்றதெல்லாம் கொஞ்சம் பொறுக்கலாம். ஏன் எண்டால் அண்டைக்கு முழு ஊரும் ஒரு இடத்தில நிக்கும், ஒருத்தர் செய்யிறதை எல்லாரும் பாப்பினம். அதோட கோயில் வேலை எண்டால் எந்த என்ஜிஓ காசு தருது எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம், அது அம்மனுக்கு.

அன்னதானத்துக்கு லஞ்ச் சீட் பாவிக்கிறவை எண்டால் தாமரை இலைக்கு மாத்துறது லேசு, எங்கட குளங்களில இல்லாததோ. குளத்தில இலை பிடுங்கிற ஆக்கள் ரெண்டு மூண்டு பேர் எப்பிடியும் ஊரில இருப்பினம், முதல் நாள் பின்னேரம் பிடுங்கித் தண்ணியில போட்டு வைச்சா வாடாது. சோடினைக்குக் குருத்தோலைத் தோரணம், அது பின்ன வயசுபோன ஐயாமார் கூப்பிட்டாலே வருவினம், உண்மையில கூப்பிடாட்டித்தான் கோவிப்பினம். இலையாலயும் ஓலையாலயும் வாற பிரச்சினை ஒண்டும் இல்லை.

பிரச்சினை கப்தான். பேப்பர் கப் எண்டு ஆராவது கொண்டுவந்தா ஏமாறாதேங்கோ, அதுக்கு உள்பக்கம் பிளாஸ்ரிக் பூசித்தான் கிடக்கு, இல்லாட்டி மோர் ஒழுகிப்போம். வேண்டியது ரம்ளர். சுவிஸ்காரருக்கு இதைத்தான் சொல்லச் சொன்னனான், அப்பாவின்ர பேரை ரம்ளரில வெட்டி வைக்கலாம், தொட்டியில அடிக்கிறதை விட மரியாதை. மாதர் சங்கத்திட்டை அதைக் குடுத்து வையுங்கோ, செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் வாடகைக்கு விட்டா சங்கத்துக்கும் ஒரு வருமானம், கப் பாவனையும் ஊரில குறையும்.

ஆனா ரம்ளர் வாங்கினது காணாது. போன பொங்கலுக்கு ஏன் பிளாஸ்ரிக் கப் எடுத்தவை எண்டு தாகசாந்தி வைச்சவையைக் கேட்டனீங்களோ? கேட்டிருக்கமாட்டியள் எண்டு நினைக்கிறன். நான் கேட்ட இடங்களில எல்லாம் ஒரே மறுமொழி: கழுவ ஆள் இல்லை, கழுவத் தண்ணி எட்டத்தில. அவ்வளவுதான். தண்ணி பௌசர் எங்க நிக்குது, பந்தல் எங்க போடுறது எண்டதை மாத்தினாலே பாதி வேலை முடியும். பந்தலுக்குப் பின்னால மூண்டு பெரிய தாச்சி, ஒண்டில சவுக்காரத் தண்ணி, ரெண்டில நல்ல தண்ணி, பக்கத்தில கவுட்டு வைக்க ஒரு கட்டில் சட்டம். பிஎச்ஐயிட்டை முன்னமே காட்டிவிடுங்கோ, செங்கமாரி வயித்தோட்டம் எண்டு ஒரு கதை வந்தா அடுத்த வருசம் கப் திரும்பி வந்திடும்.

கழுவுறதுக்கு உங்கட வராம விட்ட 9 பேரைக் கூப்பிடுங்கோ. ஏன் வரேல்லை எண்டு கேக்காதேங்கோ, அதைக் கேட்டா வாறவனும் வரமாட்டான். "பொங்கலண்டு பின்னேரம் 4 மணியில இருந்து 5 மணி வரைக்கும் நீ தாச்சியடியில நிக்கவேணும், பிறகு நீ கோயிலுக்குப் போ" எண்டு ஒரு மணித்தியாலம் மட்டும் கேளுங்கோ. மாசாமாசம் ஒரு முழு ஞாயிறு கேட்டா, அதுவும் முடிவே தெரியாத வேலைக்குக் கேட்டா, ஆர் நிப்பினம்? எனக்கு உண்மையில ஆச்சரியம் என்னெண்டால் ஒண்டரை வருசத்துக்குப் பிறகும் 5 பேர் வருகினம் எண்டதுதான். அந்த அஞ்சு பேருக்கும் முதல் நாள் இரவு உங்கட வீட்டில நல்ல சாப்பாடு குடுங்கோ, கூழ் எண்டால் இன்னும் நல்லம், பனையோலைப் பிளாவிலயே ஊத்திக் குடுங்கோ.

அண்டைக்கு மைக்கில அறிவிக்கிறவருக்கு ஒரு தாள் எழுதிக் குடுங்கோ. "கப்பைக் கண்ட இடத்தில வீசாதீர்கள்" எண்டு எழுதாதேங்கோ, போர்ட்டுக் கதை திரும்பவும் வரும். "இந்த வருசம் எங்கட ஊர் ரம்ளரில தாகசாந்தி குடுக்குது, குடிச்சிட்டுப் பந்தலடியிலயே தாங்கோ, கழுவுறதுக்கு எங்கட பிள்ளையள் நிக்கினம்" எண்டு எழுதுங்கோ. கொஞ்ச ரம்ளர் துலையும், அதை இப்பவே கணக்கில வைச்சிருங்கோ, கோயில் நிர்வாகத்துக்கும் முதலே சொல்லி வையுங்கோ, இல்லாட்டிப் பிறகு அது ஒரு பஞ்சாயத்து.

விட்டிட்டு வேலையைப் பாக்கவோ எண்டு கேட்டியள். களைச்சுப்போனா ஒரு மாசம் விடுங்கோ, அதில ஒரு குற்றமும் இல்லை, குளம் எங்கயும் ஓடாது. போர்ட்டை மட்டும் இந்த ஞாயிறே கழட்டுங்கோ. அந்தத் தகரம் பெரியப்பாவின்ர கோழிக்கூட்டுக்கு உதவும். பேந்து எண்ணின கணக்கை எனக்கு எழுதி அனுப்புங்கோ, ட்ராக்டர் எந்த நாள் வருது எண்டதையும் சேத்து, அது உங்கட கடிதத்தில இல்லை.